துளையில்லாத சுனா

ஒசாகா
மெய்ஜி 25 (1892), ஜனவரி 11, இரவு

அண்ணாவுக்கு,

கினு எழுதுகிறேன். என் கையெழுத்து மறந்துபோயிருந்தால் அது என் குற்றமில்லை. வீட்டைவிட்டுப் போனதிலிருந்து நீங்கள் ஒரு வரி போடவில்லை. அம்மா உங்களுக்குக் கடற்பாசிப் பொட்டலம் கட்டும்போதெல்லாம் உள்ளே ஒரு சீட்டு வைக்கட்டுமா என்று கேட்பேன். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா பொட்டலமும் போகாதுடி" என்பாள்.

பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். விளக்கைத் தந்தச் சீவல் கூடைக்குப் பின்னால் மறைத்திருக்கிறேன். அப்பா அடுத்த அறையில் தூங்குகிறார். குறட்டை நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

விஷயம் இதுதான். புத்தாண்டு விருந்தில் அப்பா வதனபே ஐயாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய மூத்த மகனுக்கு என்னைத் தருவதாக. புகையிலைப் பைக் கடை வதனபே ஐயாவேதான். பைக் கயிறு இடுப்புக் கச்சையிலிருந்து நழுவாமல் பிடிக்க அப்பா தந்தத்தில் செதுக்கும் நெட்சுகே உருவங்கள் எல்லாம் அவர் கடைப் பைகளில்தான் தொங்குகின்றன. அவர் மூன்று முறை கேட்டார், மூன்றாவது முறை அப்பாவுக்குச் சாக்கே மது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நிச்சயம் முடிந்தால் மார்ச்சில் பள்ளியிலிருந்து நின்றுவிட வேண்டும். கடைசி வகுப்பு போய்விடும். ஆசிரியைப் பயிற்சிக்கு எழுதவே முடியாது. எங்கள் வகுப்பில் முதலிடம் நான், அது உங்களுக்குத் தெரியுமா? யார் சொல்லியிருப்பார்கள்!

பெண் வீட்டுச் சீராக மாப்பிள்ளை இடுப்புக்கு அப்பா ஒரு நெட்சுகே செதுக்குகிறார். நகர வாயிலில் அரக்கனின் கையை வெட்டிய வீரன் சுனா. அவர்கள் குலத்து முன்னோராம். அதனால்தான் அரக்கனை விரட்டப் பருப்பு வீசும் செட்சுபுன் பண்டிகையன்றுகூட அந்த வீட்டில் பருப்பு வீசுவதில்லையாம். வதனபே என்ற பெயரைக் கேட்டாலே அரக்கர்கள் தெருவைவிட்டு ஓடிவிடுவார்களாம். நான் மட்டும் அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

சீர் தயாரானதும் நாள் குறித்துவிடுவார்கள். நீங்கள் வந்து அப்பாவிடம் பேச வேண்டும். உங்களைவிட்டால் எனக்காகப் பேச யாரும் இல்லை. பதிலை என் தோழி ஃபுகுவின் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.

குறட்டை நின்றுவிட்டது.

கினு


யோகோஹாமா
ஜனவரி 15

கினு,

நான் வந்து பேசுவதா? நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று நீயும் அங்கேதானே இருந்தாய்?

நானும் ஒரு சுனா செதுக்கினேன். வாளை ஓங்கி, கால் அகட்டி, சட்டை காற்றில் பறக்க. ஆறு மாதம் அதோடு மாரடித்தேன். அப்பா அதை வாங்கி, தன் புகையிலைப் பைக் கயிற்றில் கோத்து இடுப்பில் செருகினார். பட்டறையை ஒரு சுற்று வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். சட்டைக் கையில் வாள் மாட்டி டக்கென்று ஒடிந்தது. வந்திருந்தவர்கள் எல்லார் முன்னாலும் அவர் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "பாத்தியா? அரக்கன் வர்றதுக்குள்ள உன் வீரன் வாளைப் போட்டுட்டான்."

கட்டிப் பார்க்காத உருவம் வெறும் பொம்மையாம். அவர் கட்டிப் பார்க்கும் அழகு தெரியாதா! சாக்கே வடிக்கும் மினோயா கேட்ட வீரத் துறவி பென்கெய் இன்னும் அவர் இடுப்பில்தானே தொங்குகிறது? நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா செதுக்கியது. "இன்னும் படியலே" என்பார்.

இங்கே என் கதையைக் கேள். வெளிநாட்டுக்காரர்கள் மேசையில் நிறுத்தி வைக்கத்தானே வாங்குகிறார்கள், இடுப்பில் கட்டவா போகிறார்கள், இனிக் கயிற்றுத் துளை வேண்டாம், வாளை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் தூக்கலாம் என்று நிம்மதியாக இருந்தேன். போன மாதம் ஒரு கப்பல் வைத்தியர் என் வீரனைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டு, துளை எங்கே, துளை இல்லாவிட்டால் அசல் இல்லை என்று போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து கடை முதலாளி ஹொத்தா ஐயா உயிரை வாங்குகிறார். "தோகு, துளை! தோகு, துளை!" நிற்கிற வீரன், உட்கார்ந்த வீரன், குதிரை மேல் வீரன் எல்லாருக்கும் பின்பக்கத்தில் இரண்டு துளை போடுவதுதான் இப்போது என் பிழைப்பு. எந்தக் கயிறும் நுழையப்போவதில்லை. கனவிலும் துளை போடுகிறேன்.

அதனால் நான் வரமாட்டேன். நீயே அப்பாவிடம் நேராகச் சொல். "நான் படிக்கணும்" என்று இரண்டு வார்த்தை. வகுப்பில் முதலிடம் என்றால் இரண்டு வார்த்தை பேச வராதா?

முட்டாள்தனமாக எதுவும் செய்யாதே.

தோகுஜிரோ


ஒசாகா
ஜனவரி 19, இரவு

அண்ணா,

செய்துவிட்டேன்.

முதலில் நீங்கள் சொன்னபடி பேசத்தான் போனேன். அப்பா தந்தத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அப்பா" என்றேன். "என்ன?" என்றார், நிமிராமல். "டீ கொண்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையை நீங்கள் வந்து சொல்லிப் பாருங்கள்!

நேற்று சுனாவைப் பட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பூஜை மாடத்துக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். "முடிஞ்சுதா?" என்று அம்மா கேட்டாள். "ம்" என்றார். அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. விடியும் முன் எழுந்து பெட்டியைத் திறந்தேன். அவசரத்தில் பட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை, அப்படியே எடுத்துவிட்டேன். பெட்டி லேசாக இருந்தால் தெரிந்துவிடுமே என்று, கழிவு டிராயரில் கிடந்த உங்கள் ஒடிந்த வாள் சுனாவை என் கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்தேன்.

அப்பாவின் சுனா இப்போது உங்களிடம்தான் வருகிறான். அம்மாவின் கடற்பாசிப் பொட்டலத்துக்கு நடுவில் இருக்கிறான். அம்மாவுக்குத் தெரியாது. ஏப்ரலில் கடைசி வகுப்பு தொடங்கும்வரை அவனை வைத்திருங்கள். அது போதும். சீர் இல்லாமல் நிச்சயம் இல்லை.

இன்று பள்ளியில் கணக்கு டீச்சர் என்னை இரண்டு முறை கூப்பிட்டார், காதில் விழவில்லை. அப்பா பெட்டிப் பக்கம் திரும்பினாலே நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் திருப்பி அனுப்பாதீர்கள்.

கினு


யோகோஹாமா
ஜனவரி 24

அறிவுகெட்டவளே,

கைக்குட்டையா? பள்ளிக் கைக்குட்டையா? அதன் மூலையில் உன் பெயரைத் தைத்திருப்பார்களே! திருடினதுதான் திருடினாய், கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாயா?

பொட்டலத்தை ஹொத்தா ஐயா எனக்கு முன்னாலேயே பிரித்துவிட்டார். கடற்பாசி என்றால் அவருக்கு அவ்வளவு ஆசை. வாயில் மென்றபடி சுனாவைத் தூக்கிப் பிடித்து, "இது யாரு கை வேலை? கண்ணாடி அலமாரில வைக்கட்டுமா?" என்றார். பிடுங்கிக்கொள்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இங்கே வைத்திருந்தால் ஒரு வாரத்தில் அவன் லண்டன் கப்பலில் இருப்பான். அதனால் திருப்பி அனுப்புகிறேன். அம்மா பெயருக்கு ஒரு பிஸ்கட் டப்பா வரும். அடியில் பார். யாரும் பார்ப்பதற்குள் பெட்டியில் வைத்துவிடு.

இன்னொன்று. கிழவருக்கு வயதாகிவிட்டது, கினு. சுனாவைத் திருப்பிப் பார்க்கிறேன், துளையே இல்லை! கட்டிப் பார்க்காதது பொம்மை என்று என்னை ஊரறியத் திட்டியவர், சம்பந்தி வீட்டுச் சீரில் துளை போட மறந்துவிட்டார். சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. இப்படியே போனால் வதனபே ஐயா எல்லார் முன்னாலும் அவரைக் கேலி செய்வார். அதனால் நானே போட்டுவிட்டேன். முடிச்சு ஒளிய ஒன்று பெரிதாக, கயிறு நுழைய ஒன்று சிறிதாக. முதுகில் சரியான இடத்தில், முகம் வெளியே பார்க்கும்படி. நானே சொல்லக்கூடாது, ஆனால் நன்றாக வந்திருக்கிறது.

போட்ட பிறகு கயிறு கோத்து இடுப்பில் செருகிப் பார்த்தேன். சோதனைக்குத்தான். வேலை பார்த்தேன், ரயிலடிக்குப் போனேன், சாப்பிட்டேன். ராத்திரி படுக்கும்போதுதான் அவன் இடுப்பில் இருப்பதே நினைவு வந்தது. எங்கும் குத்தவில்லை, எதிலும் மாட்டவில்லை. வாள் உறைக்குள் இருக்கிறது, அரக்கன் கையை மடியில் அணைத்துக்கொண்டு குந்தியிருக்கிறான், அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் அண்ணாந்து நம்மையே முறைக்கிறான். அந்த முகம் யாருடையது தெரியுமா? அப்பாவுடையது. நான் சொன்னதாகச் சொல்லாதே.

இனி எனக்கு எதையும் அனுப்பாதே. முன்னோர்களை முக்கியமாக.

தோகுஜிரோ


ஒசாகா
ஜனவரி 30, இரவு

அண்ணா,

யார் உங்களைத் துளை போடச் சொன்னது?

யார் கேட்டது? நான் கேட்டேனா? வைத்திருங்கள் என்றுதானே எழுதினேன்! உங்களை என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

இன்று மத்தியானம் வதனபே ஐயா வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவரும் அப்பாவும் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"என்னய்யா கென்சாய், சீர் முடிஞ்சுதா இல்லியா?"

"முடிஞ்ச மாதிரிதான். துளை போடணும்."

"போன வாரமும் இதையேதானே சொன்ன?"

"போன வாரம் காத்துல ஈரம். ஈரத்துல துளைச்சா தந்தம் விரிசல் விட்டுரும்."

"இந்த வாரம்?"

"இந்த வாரம் ரொம்பக் காய்ஞ்சிருக்கு."

"யோவ், ரெண்டு துளைய்யா! என் பல்லால போட்டுடுவேன்!"

"துளை போட்டா அது உங்க வீட்டுப் பொருள். அதுவரைக்கும் என்னுது. அவசரப்படாதீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அப்புறம் அம்மா குரல் கேட்டது. "எத்தனை நாளைக்குத்தான் இந்தத் துளையை வெச்சே ஓட்டப்போறீங்க?"

அப்பா சொன்னார். "என்ன செய்யச் சொல்றே? வாக்குக் கொடுத்துத் தொலைச்சுட்டேன். இல்லேன்னு சொல்ல முடியாது. இன்னும் முடியலேன்னுதான் சொல்ல முடியும். புள்ள படிப்பை முடிக்கட்டும்."

அண்ணா, கேட்டீர்களா? அவர் மறக்கவில்லை. வேண்டுமென்றே போடாமல் வைத்திருந்தார். எனக்காக. எனக்கு இருந்த ஒரே துணை, போடாத அந்த இரண்டு துளைதான். ஒரு மணி நேரம் கழித்து உங்கள் பிஸ்கட் டப்பா வந்து சேர்ந்தது.

நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

செட்சுபுன் அன்று ராத்திரி வதனபே ஐயா மறுபடி வருவாராம். ஊரே வீட்டுக்குள் பருப்பு வீசிக்கொண்டிருக்கும்போது அவருக்கு மட்டும் வேலை இல்லையே. பெட்டியைத் திறந்து காட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். உங்கள் ஒடிந்த வாளைக் காட்டினால் அப்பாவுக்கு அவமானம். இதைக் காட்டினால் எனக்குப் பள்ளி இல்லை. யோசித்துப் பார்த்தேன். அப்பா அவமானப்படுவதை நான் பார்க்க முடியாது. இப்போதுதான் மாற்றி வைத்துவிட்டு, உங்கள் சுனாவைப் பழையபடி டிராயரில் போட்டுவிட்டு வந்தேன்.

இன்னொரு பயம். உங்கள் சுனாவைச் சுற்றியிருந்த கைக்குட்டை நான் மடித்தபடி இல்லை. அழகாக, நாலு மூலையும் சேர்த்து மடித்திருந்தது. வாள் ஒடிந்த இடம் முன்பு விரலைக் கீறுமே, நினைவிருக்கிறதா? இப்போது கீறவில்லை. யாரோ உட்கார்ந்து மழமழவென்று தேய்த்திருக்கிறார்கள்.

இந்த வீட்டில் அரம் பிடிக்கத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? அவருக்குத் தெரியும், அண்ணா. எல்லாம் தெரியும். ஆனால் துளை மட்டும் தெரியாது.

கினு


யோகோஹாமா
பிப்ரவரி 1, அவசரம்

கினு,

கை தானாகப் போய்விட்டது. சத்தியமாக. இந்த ஊரில் உருவம் கையில் வந்தால் துளை போட்டுவிட்டுத்தான் கீழே வைக்கிறேன். ஆனால் ஒரு மகன் இரண்டு துளை போட்டுக் குடும்பத்தைக் கெடுக்கலாம் என்று யார் எதிர்பார்ப்பது? அவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீயாவது பட்டைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். நம் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை, பழி மட்டும் யோகோஹாமாவுக்கு வந்து சேருகிறது.

துளையை மெழுகு வைத்து அடைக்கிறேன் என்று கிளம்பிவிடாதே. உனக்கு அது வராது, தந்தத்தைக் கெடுத்துவிடுவாய். எதையும் தொடாதே. அப்பா கேட்டால் நான்தான் போட்டேன் என்று சொல். நான்தான் உன்னிடம் கேட்டு வாங்கினேன் என்றும் சொல். திட்டினால் என்னைத் திட்டட்டும். பழகிய காதுதானே.

ஒடிந்த இடத்தை மழமழவென்று தேய்த்திருந்ததா? நிஜமாகவா? கையால் தொட்டுப் பார்த்தாயா?

தோகுஜிரோ


ஒசாகா
பிப்ரவரி 4, காலை

அண்ணா,

நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

தெரு முழுக்க "அரக்கன் வெளியே, அதிர்ஷ்டம் உள்ளே" என்ற கூச்சல். வதனபே ஐயா தலையில் இரண்டு பருப்போடு உள்ளே வந்தார். அடுத்த வீட்டுக்காரர் வீசியது அவர் மேல் விழுந்திருக்கிறது. "வதனபே மேலேயே பருப்பு வீசறானுங்க, காலம் கெட்டுப்போச்சு! நான் இருக்கிற வீட்டுக்குப் பேயும் வராது ஒண்ணும் வராது, நீங்க பருப்பை மிச்சம் பண்ணுங்க. ம், பெட்டியைத் திற கென்சாய்."

அப்பா மெதுவாக இறக்கினார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே ஒடிந்த வாள் சுனா இருக்கிறான் என்றே நினைத்திருக்கிறார். பட்டைப் பிரித்தார். தன் சுனாவைக் கண்டதும் நின்றார். திருப்பினார். பெரிய துளையில் சுண்டுவிரல் நுனியை வைத்தார். சிறிய துளையை விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

"ஆஹா! துளை போட்டாச்சே!" என்று வதனபே ஐயா தொடையைத் தட்டினார். "அப்ப நாளைக்கே நாள் குறிச்சுடலாம்."

"போட்டாச்சு" என்றார் அப்பா. இடுப்பிலிருந்து பென்கெயை அவிழ்த்துப் பாயில் வைத்தார். தன் கயிற்றைச் சுனாவில் கோத்து முடிச்சுப் போட்டார். இடுப்பில் செருகினார். எழுந்து பட்டறையை ஒரு சுற்று வந்தார். எனக்கு உங்கள் நினைவு வந்தது.

"என்னய்யா பண்றே?"

"கட்டிப் பாக்கறேன்."

"அதை என் மகன் கட்டிப் பாத்துக்குவான்!"

அப்பா டிராயரைத் திறந்து உங்கள் சுனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இது கட்டிப் பாக்காம எடுத்துட்டு வந்தது. உங்க முன்னோர் வாள் எங்கேன்னு பாருங்க. கல்யாணத்தன்னிக்கு சபையில இது மாதிரி ஆச்சுன்னா உங்களுக்கு நல்லாருக்குமா?"

வதனபே ஐயா அந்த மொட்டைக் கையைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "சரி, சரி, அதை உள்ளே வை. எவ்வளவு நாள் கட்டிப் பாக்கணும்?"

"தந்தம் ஒரு மழை பாக்கணும், ஒரு கோடை வேர்வை பாக்கணும், ஒரு குளிர் பாக்கணும். அப்பத்தான் விரிசல் விடுமா விடாதான்னு தெரியும்."

"ஒரு வருஷமா!"

"குறைஞ்சது."

அப்போது வதனபே ஐயாவின் கண் பாயில் கிடந்த பென்கெய் மேல் விழுந்தது. "இது... மினோயா கேட்ட பென்கெய்தானே?"

"ஆமா."

"மினோயா செத்து மூணு வருஷம் ஆச்சேய்யா!"

"அவருக்குப் பொறுமை இல்லை" என்றார் அப்பா.

அம்மா சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. வதனபே ஐயா அப்பாவைப் பார்த்தார், அப்புறம் கதவிடுக்கில் என்னைப் பார்த்தார். "ரெண்டு துளைக்கு ஒரு மாசம், கட்டிப் பாக்க ஒரு வருஷம். என் மகன் கிழவனாயிடுவான் போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். ஆனால் வாக்கை முறித்தீர்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. யாரும் முறிக்கவில்லையே.

அவர் போன பிறகு அப்பா விளக்கைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "இந்த வீட்ல மண்ணெண்ணெய் எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் தீருதோ" என்றார். நான் தரையில் நெற்றி படக் குனிந்தேன். கடைசியில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டேன், அண்ணா. "நான் படிக்கணும்."

"அதான் படிக்கறியே" என்றார் எரிச்சலாக. "ராத்திரி எழுதிக் கண்ணைக் கெடுத்துக்காதே. எழுதறதைப் பகல்ல எழுது."

அதனால்தான் காலையில் எழுதுகிறேன். விளக்கு வேண்டியிருக்கவில்லை.

உங்களுக்கும் ஒரு சேதி சொல்லச் சொன்னார். அப்படியே தருகிறேன். "அவனுக்கு எழுது. பெரிய துளையோட விளிம்பு கரகரன்னு இருக்கு. கயிறு அறுந்துடும். யோகோஹாமாவுல இதுக்குப் பேரு வேலையா?"

கினு


யோகோஹாமா
பிப்ரவரி 7

கினு,

கரகரவா? என் துளையா?

அந்த விளிம்பை நான் எத்தனை தடவை தேய்த்தேன் என்று அவருக்குத் தெரியுமா? மூங்கில் குச்சியில் பொடி வைத்துத் தேய்த்தேன், மான் தோலில் தேய்த்தேன், கடைசியில் விரலாலேயே தேய்த்தேன். ஒரு நாள் முழுக்க என் இடுப்பில் தொங்கியும் கயிற்றில் ஒரு இழை பிசிறவில்லை. வேண்டுமென்றே சொல்கிறார். அவருக்கு எப்போதும் ஏதாவது ஒரு குறை சொல்லியாக வேண்டும். கடிதத்தில் எழுதி அவருக்குப் புரிய வைக்க முடியாது.

ஹொத்தா ஐயாவிடம் லீவு கேட்டுவிட்டேன். சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். என் கயிற்றோடு வருகிறேன், அவர் எதிரிலேயே இழுத்துக் காட்டுகிறேன். அதுவரை அந்தத் துளையை அவர் தொடக் கூடாது என்று சொல்.

அம்மாவிடம் கடற்பாசி கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடு. அங்கேயே வந்து சாப்பிடுகிறேன்.

தோகுஜிரோ